சீட்டின் பின்னால் இருந்த எண்

"ஏனுங்க டீச்சரு, இந்தச் சீட்டுக்குப் பொறத்தால ஒரு நெம்பரு இருக்குதே, அது எதுக்குங்க?"

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சவ்வரிசி மில். பகல் சாப்பாட்டு நேரம். அரவை நின்றிருந்ததால் பேச்சு காதில் விழுந்தது. புளித்த மாவுத் தண்ணீரின் வாடை மட்டும் எங்கே நகர்ந்து உட்கார்ந்தாலும் கூடவே வந்தது.

கேட்டவள் பாவாயி. மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவுகிற வேலை அவளுக்கு. வயது என்னுடையதுதான் இருக்கும். கிழங்குப் பால் காய்ந்து விரலெல்லாம் வெள்ளையாக இருந்தது. நான் கொடுத்த மாதிரி ஓட்டுச்சீட்டை அந்த விரல்களில் பிடித்துக்கொண்டு, முன்பக்கத்துச் சின்னங்களைப் பார்க்காமல், பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கருத்துக் கணிப்பு வேலைக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் கையில் அந்தச் சீட்டைக் கொடுத்திருக்கிறேன். முக்கால்வாசிப் பேர் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கேட்ட ஒன்றிரண்டு பேருக்கும் என்னிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. அன்றைக்கும் அதையே எடுத்துவிட்டேன்.

"அது சும்மா ஆபீஸ் கணக்குக்குங்க. நீங்க பாட்டுக்குக் குத்துங்க."

பாவாயி குத்தவில்லை.

"ஆபீசு கணக்குன்னா, இது ஆரு சீட்டுன்னு தெரிஞ்சு போகுமல்லோ?"

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூங்கொடி என் தொடையைக் கிள்ளினாள். பூங்கொடி ஆத்தூர்க்காரி, என்னிடம் படித்தவள், இப்போது என்னோடு சேர்ந்து கணிப்பு எடுப்பவள். 'ஏதாவது சொல்லிச் சமாளிங்க' என்று அந்தக் கிள்ளலுக்கு அர்த்தம்.

எனக்கு ஒன்றும் வாயில் வரவில்லை. கல்லூரியில் அரசியல் அறிவியல் பாடம் நடத்தி, மணியடித்த பிறகும் நிறுத்தத் தெரியாதவள் என்று பெயர் வாங்கிய எனக்கு!

'கேஸ் மானியமுங்களா?'

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஓட்டுப்போட்ட நாளுக்கும் ஓட்டு எண்ணுகிற நாளுக்கும் நடுவில் ஊர் ஊராகப் போய், யார் எதற்காக யாருக்கு ஓட்டுப்போட்டார்கள் என்று கேட்டு எழுதுவது எங்கள் வேலை. யார் ஜெயிப்பார் என்று ஜோசியம் சொல்வது இல்லை. டிவியில் உட்கார்ந்து அதைச் செய்கிறவர்கள் வேறு, அவர்களுக்கு நல்ல சட்டை உண்டு.

வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கலில் பெயர்கள் எடுப்போம். வந்த பெயர் வந்ததுதான். அவர் இல்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கக் கூடாது. நாங்கள் ஊருக்குள் நுழைந்தால் முதல் கேள்வி, "கேஸ் மானியமுங்களா?" என்பதுதான். இல்லை என்றால், "அப்ப லோனுங்களா?" அதுவும் இல்லை என்று தெரிந்த பிறகும் உட்காரச் சொல்லி மோர் கொடுப்பார்கள். அது எங்கள் பக்கத்துக் குணம்.

பெண்ணின் பெயர் குலுக்கலில் வந்துவிட்டால் அங்கேதான் ரகளை ஆரம்பிக்கும்.

"அவளுக்கு என்னங்க தெரியும்? எதா இருந்தாலும் என்னயக் கேளுங்க."

"லிஸ்ட்ல அவங்க பேருதானுங்க வந்திருக்குது."

"அட, நாஞ் சொல்றதுதானுங்க அவ சொல்றதும்!"

இதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போனது. எனக்கு இயல்பிலேயே மூக்கின் மேல் கோபம். ஒரு வீட்டில், "அப்படின்னா அவங்க சாப்பாட்டையும் நீங்களே சாப்பிட்டுருவீங்களா?" என்று கேட்டுவிட்டேன். உள்ளேயிருந்து பாத்திரம் விழுகிற சத்தமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

யாருக்கு ஓட்டுப்போட்டீர்கள் என்ற கேள்வியை மட்டும் வாயால் கேட்க மாட்டோம். சின்னங்கள் அச்சடித்த சீட்டைக் கொடுப்போம். அவர்கள் அந்தப் பக்கம் திரும்பி நின்று குறித்து, மடித்து, பூட்டுப் போட்ட தகரப் பெட்டிக்குள் போட வேண்டும். "நீங்க எதுல குத்தினீங்கன்னு ஆருக்கும் தெரியாதுங்க" என்று சொல்லித்தான் கொடுப்பேன். அதை நான் சொல்கிற அழகே தனி என்று பூங்கொடி கிண்டல் செய்வாள்.

ஆனால் சீட்டின் பின்னால், கீழ் மூலையில், சின்னதாக ஓர் எண் இருக்கும். அவர்களுடைய வயது, வேலை, வீட்டு விவரம் எல்லாம் எழுதிய படிவத்திலும் அதே எண் இருக்கும். இரண்டையும் சேர்த்தால் யார் எதில் குத்தினார் என்று தெரியும். சேர்த்துப் பார்க்கிறவர்கள் எங்கோ கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறவர்கள், அவர்களுக்குப் பாவாயியும் தெரியாது, மாராயியும் தெரியாது. ஆனாலும் 'ஆருக்கும் தெரியாது' என்று நான் சொல்லி வந்தது பொய்தானே?

பாயசத்தோடு ஆரம்பித்த சண்டை

அந்த எண் எனக்கு ஏன் அவ்வளவு அவசியமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பல வருஷத்துக்கு முன் ஒரு கருத்தரங்கு. மத்தியானச் சாப்பாட்டில் எனக்கு எதிரே ஒரு பெரிய பேராசிரியர். "சேலம், நாமக்கல் பக்கமெல்லாம் பெண்கள் ஓட்டு என்று தனியாக ஒன்றும் கிடையாதும்மா. வீட்டு ஆம்பளை ஓட்டை ரெண்டால் பெருக்கிக்கொண்டால் போதும்" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பாயசம் தொண்டையில் இறங்கவில்லை.

"உங்க வீட்டிலயும் அப்படித்தானா சார்?"

"சந்தேகமே வேண்டாம்!" என்றார் பெருமையாக. அடுத்த மேசையில் அவருடைய மனைவி இருந்தார். தலையைக் குனிந்துகொண்டு, ஓரக்கண்ணால் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்புதான் என்னை இந்த வேலையில் தள்ளியது.

என் வீட்டுக்காரர் லாரி புக்கிங் ஆபீசில் இருப்பவர். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும், "நீ எதுல போட்ட?" என்று கேட்பார். இன்று வரை சொன்னதில்லை. "எங்கிட்டக்கூடச் சொல்லக் கூடாதா?" என்று முறுக்கிக்கொண்டு அஸ்தம்பட்டி ரவுண்டானாவைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வருவார். வந்ததும் காபி கேட்பார்.

ஆகவே ஒரே வீட்டில் கணவனையும் மனைவியையும் தனித்தனியாகக் கேட்டு, இருவர் ஓட்டும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும் என்பது என் பல வருஷத்து ஆசை. கணிப்பு நடத்தும் நிறுவனத்தோடு மல்லுக்கட்டி அனுமதி வாங்கினேன். எண் இருந்தால்தான் எந்தச் சீட்டு எந்த வீட்டுச் சீட்டு என்று தெரியும். எண் போனால் என் ஆராய்ச்சியும் போனது. அந்த எண்ணில்தான் பாவாயி கை வைத்தாள்.

பொய் என்று சொன்னேன்

அந்த ஊரில் குலுக்கலில் வந்த பெண்களில் ஏழு பேர் இந்த மில்லில் வேலை செய்தார்கள். விடிகாலையில் வந்தால் பொழுது சாய்ந்துதான் போவார்கள். வீடு வீடாக அலைவதற்குப் பதிலாக, சாப்பாட்டு நேரத்தில் மில்லுக்கே போனால் ஒரே மூச்சில் முடிந்துவிடும் என்று யோசனை சொன்னது நான்தான். வீட்டில், தனியாகத்தான் கேட்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைப் பூங்கொடி நினைவூட்டினாள். நான் கேட்கவில்லை. சோம்பேறித்தனம், வேறென்ன!

நான்கு பேர் ஏற்கெனவே குத்திப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். பாவாயி ஐந்தாவது. அவள் கேட்டதும் அந்த நான்கு பேரும் சாப்பாட்டுத் தூக்கை மூடிவிட்டு எழுந்து வந்து நின்றார்கள்.

"மில்லுக்காரரு ஒரு சின்னத்தச் சொல்லி, அதுலதான் குத்தோணும்னு எல்லாருத்துகிட்டயும் சொல்லியிருக்கறாருங்க" என்றாள் பாவாயி, குரலைத் தணித்து. "மாத்திக் குத்துனவ ஆருன்னு தெரிஞ்சா, நாளைக்கு எங்களுக்குக் கத்தி பிடிக்க வேல இருக்குதுங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் பிழைப்பைக் கொண்டுவந்து என் தகரப் பெட்டிக்குள் போட்டிருக்கிறார்கள். என் வார்த்தையை நம்பிப் போட்டிருக்கிறார்கள்.

"இல்லீங்க பாவாயி. நான் சொன்னது பொய்யிங்க" என்றேன். எண் எதற்கு, யார் பார்ப்பார்கள், எப்படிச் சேர்ப்பார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பூங்கொடி மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். பெண்கள் யாரும் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

"அப்பிடின்னா எங்க சீட்ட எடுத்துக் குடுத்துருங்க சாமி" என்றாள் நால்வரில் ஒருத்தி.

நான் இடுப்பிலிருந்து சாவியை எடுக்கிற நேரத்தில் மில்லுக்காரர் வந்துவிட்டார்.

உட்கார்ந்த இடம்

நல்ல மனுஷர் என்றுதான் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கையோடு இரண்டு பாட்டில் கலர் சோடா கொண்டு வந்திருந்தார். சிரித்த முகம். வந்தவர், மூட்டை மேல் இருந்த பெட்டியைத் தூக்கிக் காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினார்.

"அட, சலசலன்னு சத்தங் கேக்குதுங்க! எண்றதுக்கு இன்னும் எத்தன நாளு காத்துக் கெடக்கறது? நம்ம மில்லுப் பொம்பளைங்க எல்லாம் நம்ம சின்னத்துலதான் குத்தியிருப்பாங்க, பந்தயமுங்க! சாவியக் குடுங்க டீச்சரு, சும்மா ஒரு கண்ணு பாத்துட்டுத் தந்தர்றேன்."

ஏழு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். பாவாயி கையிலிருந்த சீட்டை முந்தானைக்குள் செருகிக்கொண்டாள். பூட்டு என்ன பூட்டு, கடலை மிட்டாய் டப்பாவுக்குப் போடுகிற பூட்டு. அவர் கையால் ஒரு முறுக்கு முறுக்கினால் திறந்துகொள்ளும்.

"குடுங்க, குடுங்க" என்று கையை நீட்டினேன். திறக்கத்தான் வாங்குகிறேன் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார். நான் பெட்டியைத் தரையில் வைத்தேன். புடவையை ஒதுக்கிக்கொண்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

என் உடம்பு எவ்வளவு கனம் என்று பழைய அத்தியாயங்கள் படித்தவர்களுக்குத் தெரியும். தகரம் 'டங்' என்று ஒரு சத்தம் போட்டு அடங்கியது.

அவர் திகைத்துப்போனார். "ஏனுங்க டீச்சரு, பொட்டி மேல உக்காந்துட்டீங்க?"

"காலு வலிக்குதுங்க."

"சேர் போடச் சொல்றனுங்க."

"இருக்கட்டுங்க. எனக்கு இதே வசதியா இருக்குது."

"அது சின்னப் பொட்டிங்க, நசுங்கிப் போயிரும்."

"நசுங்கினா நான் பதில் சொல்லிக்கறனுங்க."

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு பொம்பளையை எழுந்திரு என்று அவர் எப்படிச் சொல்வார்? கொஞ்ச நேரம் நின்றார். மழை பற்றிப் பேசினார், கிழங்கு வரத்துப் பற்றிப் பேசினார். நான் கலரைக் குடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் 'ஆமாங்க, ஆமாங்க' என்றேன். கடைசியில் வாசலில் கிழங்கு லாரி வந்து ஆரன் அடிக்கவே, "நீங்க ரொம்ப உசாரான ஆளுங்க டீச்சரு" என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமா, சிரிப்பா என்று இன்று வரை தெரியாது.

அவர் தலை மறைந்ததும் பெட்டியைத் திறந்தேன். பாவாயி தோல் சீவுகிற கத்தியை எடுத்தாள். மடித்தபடியே இருந்த நான்கு சீட்டுகளிலும் எண் இருந்த மூலையை மட்டும் சரக் சரக்கென்று நறுக்கிப் போட்டாள். மீதி மூன்று சீட்டுக்கும் முன்கூட்டியே நறுக்கினோம். அதன் பிறகு பாவாயி மூட்டைகளுக்குப் பின்னால் போய்க் குத்திக்கொண்டு வந்து போட்டாள். மற்ற இரண்டு பேரும் போட்டார்கள்.

திரும்பி வரும்போது வண்டியில் பூங்கொடி கேட்டாள். "மேடம், உங்க ஆராய்ச்சி?"

"போச்சு" என்றேன். சொல்லும்போது அழுகை வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கலந்துகட்டி ஏதோ ஒன்று.

யார் நறுக்கியது?

இரண்டு நாள் கழித்துச் சேலத்தில் மண்டலக் கூட்டம். பக்கத்து மாவட்டப் பொறுப்பாளர்களும் வந்திருந்தார்கள். சென்னையிலிருந்து வந்த இயக்குநர் என் பெட்டியைத் திறந்து, மூலையில்லாத சீட்டுகளை மேசையில் பரப்பினார்.

"யார் வேலை இது?"

"என் வேலைதான் சார்" என்றேன். நறுக்கியது பாவாயி என்று சொல்வேனா!

நடந்ததைச் சொன்னேன். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வாக்குச்சாவடியே வீணாப் போச்சேம்மா. இத்தனை வருஷ அனுபவம் உள்ள நீங்களே இப்படிச் செய்தா?"

"அனுபவம் இருக்கறதாலதான் சார் சொல்றேன். நம்ம பெட்டியில பூட்டு இருக்கு, வாய்ல பொய் இருக்கு. ரகசியம்னு சொல்லிக் குடுத்துட்டு எண் போட்டு வாங்கறோம். அவங்க கேட்டா, ஆபீஸ் கணக்குன்னு ஏமாத்தறோம். எங்கிட்டக் கேட்ட மாதிரி வேற யார்கிட்டயும் யாரும் கேட்டதே இல்லையா? இங்க இருக்கறவங்க சொல்லட்டும்."

பிறகு ஈரோட்டுப் பொறுப்பாளர் மெதுவாக, "எங்கிட்டயும் கேட்டிருக்காங்க சார்" என்றார். தர்மபுரிக்காரர் தலையை ஆட்டினார். அவர்களும் 'ஆபீஸ் கணக்கு' என்றே சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டதும் முதுகு நிமிர்ந்தது.

இயக்குநர் கெட்டவர் இல்லை. பரப்பிய சீட்டுகளை அடுக்கி வைத்தார். "சரி. ஓட்டு எண்ணிக்கைக்கு முன்னால மறுபடி போங்க. எண் எதுக்குன்னு முதல்லயே சொல்லிடுங்க. வேண்டாம்கிறவங்க மூலையைக் கிழிச்சுக்கட்டும். ஆனா அந்த ஏழு பேர்ல பாதிப் பேருக்கு மேல கிழிச்சுட்டா இந்தச் சாவடியைக் கணிப்புலேருந்தே எடுத்துடுவேன். உங்க கணவன் மனைவி ஆராய்ச்சியும் அதோட முடிஞ்சது. ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறேன் சார்" என்றேன். வெளியே வந்ததும் பூங்கொடி, "ஒருத்தரும் கிழிக்காம விட மாட்டாங்க மேடம், எழுதி வச்சுக்குங்க" என்றாள். எனக்கும் அதே பயம்தான்.

பேர் சொல்லிக் கேட்ட வீடு

இந்தத் தடவை மில் பக்கமே போகவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில், அவர்கள் வேலை முடிந்து வந்த பிறகு, வீடு வீடாகப் போனோம். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் எண்ணைக் காட்டி விவரம் சொன்னேன். கிழிப்பதானால் இப்போதே கிழித்துக்கொள்ளலாம் என்றேன்.

முதல் வீட்டில் கிழித்தாள். இரண்டாவது வீட்டிலும் கிழித்தாள். தப்பே இல்லை, அது அவர்கள் உரிமை. ஆனாலும் இன்னும் இரண்டு பேர் கிழித்தால் ஆராய்ச்சி போச்சு என்று விரல்விட்டு எண்ணினேன். பூங்கொடி 'நான்தான் சொன்னேனே' என்று வாய் திறந்து சொல்லவில்லை, முகத்தாலேயே சொன்னாள்.

மூன்றாவது பாவாயி வீடு. வாசலில் அவள் வீட்டுக்காரர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"பாவாயி இருக்காங்களா?" என்றேன்.

"எதுக்குங்க? என்னன்னாலும் எங்கிட்டச் சொல்லுங்க."

உள்ளேயிருந்து பாவாயி ஈரக்கையோடு வந்தாள். "நீ செத்த நேரம் சும்மா இரு, என்னயத்தான கேக்கறாங்க" என்று அவரை அடக்கிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "என்னுங்க டீச்சரு மறுக்கா?"

அன்றைக்குப் போட்ட சீட்டுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று சொன்னேன். அவ்வளவுதான், முகம் மாறிவிட்டது.

"சேரலீங்களா? நாங்க ஏழு பேரு குத்துனதும் சேரலீங்களா?" குரல் உயர்ந்தது. "அதெப்பிடிங்க சேராமப் போகும்? சோத்த மூடி வெச்சுட்டு, ரோசன பண்ணிக் குத்துனனுங்க நானு!"

இவள் பயந்துதான் நறுக்கினாள், விட்டால் போதும் என்று இருப்பாள் என்றல்லவா நான் நினைத்திருந்தேன். இவளுக்குத் தன் சீட்டு சேரவில்லை என்று கோபம்! எனக்கு அந்த நிமிஷம் அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

எண் விஷயத்தை மறுபடி முழுவதும் சொன்னேன். பிறகு சீட்டையும் பேனாவையும் கொடுத்தேன். கதவுக்குப் பின்னால் போனாள். கட்டிலில் இருந்தவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். பூங்கொடி நகர்ந்து போய் அவருக்கும் கதவுக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏழு பேரில் அந்த இரண்டு பேர்தான் கிழித்தார்கள். மற்ற ஐந்து சீட்டும் எண்ணோடு வந்தன. சாவடி நின்றது, ஆராய்ச்சியும் பிழைத்தது. அடுத்த கணிப்பிலிருந்து எல்லா மாவட்டத்திலும் எண்ணைக் காட்டிச் சொல்லிவிட்டுத்தான் சீட்டைக் கொடுக்கிறார்கள். கையேட்டில் அந்த வாக்கியம் நான் எழுதியது. பெயர் போடவில்லை, போனால் போகட்டும். யார் கேட்டாலும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் அன்றைக்கு எனக்கு இது எதுவும் தெரியாது. பாவாயி மடித்த சீட்டோடு வெளியே வந்தாள். நான் மூலையைப் பார்த்தேன். முழுசாக இருந்தது.

"கிழிக்கலீங்களா?" என்றேன்.

"உங்ககிட்டத்தானுங்க குடுக்கறேன். மில்லுக்காரருகிட்டயா?"

சீட்டைப் பெட்டிக்குள் போட்டாள். போட்ட கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டு கட்டில் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"இந்த ஊட்டுக்கு வாரவங்க அத்தன பேரும் அவரு பேரச் சொல்லித்தானுங்க ஊடு எதுன்னு கேட்டுட்டு வாராங்க. என்ற பேரச் சொல்லிக் கேட்டுட்டு வந்தது நீங்க மட்டுந்தான். நெம்பரு என்னங்க நெம்பரு, வேணும்னா பாவாயின்னு பேரவே எழுதிக்குங்க!"